வரைபடத்தில் நம்ம தோட்டம் எங்கே?

வாசகர் கேள்வி பதில்: இந்த மாதம் இணைய வரைபடங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில், கைப்பேசி வரைபடங்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளிலும் பாதிக்கு மேல், சொல்கிற விதம் வேறு வேறாக இருந்தாலும், ஒரே கேள்விதான்: எங்கள் இடம் ஏன் அதில் இல்லை? நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறிய ஊர், ஆனால் பேச்சில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனை (பாமாயில் மரம்), பழைய ஈய லம்பத்து (ஈயச் சுரங்கத்து) குட்டைகள், அப்புறம் சிலாங்கூர் ஆறு. நானும் இந்த இடங்களை வரைபடத்தில் தேடித் தேடித்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) நம்பரைத் தவிர வேறு விலாசம் கிடையாது. பொட்டலம் கொண்டு வருகிறவர்கூடப் பெரிய ரோட்டிலேயே நின்றுவிடுகிறார். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எந்த இடம் என்று சொல்வது? (ஒரு குடும்பத் தலைவி, பீடோர்)

அக்கா, இதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி எங்கள் பக்கத்து லயத்துப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் உடனே புறப்பட்டுவிட்டது, ஆனால் வழிகாட்டிய செயலி அதைத் தோட்டத்தின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது, அங்கே இரும்புக் கேட்டு பூட்டிக் கிடந்தது. ஓட்டுநர் போனில், "ரெண்டு பக்கமும் செம்பனை, முன்னால ஒரு கேட்டு, வேற எதுவும் தெரியல" என்கிறார். அந்த வட்டாரம் முழுக்க அப்படித்தான் இருக்கும். கடைசியில் பாட்டியின் பேரன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய், விளக்கைக் காட்டிக் கூட்டி வந்தான். இருபது நிமிடம் போய்விட்டது. பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் நான் செய்த வேலையை நீங்கள் இன்றைக்கே செய்யுங்கள்.

கூகுள் மேப்ஸைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, உங்கள் கூரை தெரிகிற இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு ஊசி ஒன்று விழும். விவரத்தை மேலே இழுத்துப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கும், பக்கத்திலேயே பிளஸ் கோட் என்ற ஒரு குறியீடும் இருக்கும். எண்களைச் சொல்லும்போது வரிசை மாறக்கூடாது. நம் நாட்டில் முதல் எண் எப்போதும் ஒற்றை இலக்கம், இரண்டாவது எண் நூறை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருக்கும். எங்கள் ஊருக்கு 3.4, 101.4 பக்கம். மாற்றிச் சொன்னால் அப்படி ஓர் இடமே பூமியில் கிடையாது, ஏனென்றால் அட்சரேகை 90உடன் முடிந்துவிடுகிறது. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் பதினோரு மீட்டர் அளவுக்குத் துல்லியம், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர்வரை தள்ளிப்போகும், அது பக்கத்துத் தோட்டமாகவே இருக்கலாம்.

பிளஸ் கோட் அதே இடத்தைச் சுருக்கமாகச் சொல்வது. நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் இரண்டு பக்கமும் எண்ணும் எழுத்தும். வழக்கமான நீளத்தில் அது ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும், ஒரு வீட்டுக்கு அது போதும். ஊர்ப் பெயரைக் கூடச் சொன்னால் முதல் நான்கு எழுத்துகளை விட்டுவிடலாம்.

இதில் பலர் விட்டுவிடுவது வாசலை. வீட்டுக்கு ஒரு குறி, வண்டி உள்ளே நுழைய முடிகிற கேட்டுக்கு ஒரு குறி, இரண்டும் வேண்டும். எங்கள் வீட்டில் ஓர் அட்டையில் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி, மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம், மேலே 999. பதற்றத்தில் கைப்பேசியில் தேட முடியாது, எட்டு வயதுப் பிள்ளைகூட அட்டையைப் பார்த்துப் படித்துவிடும். லயத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் எழுதிக் கொடுக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதுமானதாக இருந்தது.

கேள்வி: நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயங்களை இடித்து முப்பது வருடமாகிறது. இப்போது எல்லாம் செம்பனை. கோயிலும் ஓரத்தில் சுடுகாடும் மட்டும் மிச்சம். வரைபடத்தில் பார்த்தால் வெறும் பச்சை. இதை எப்படிச் சேர்ப்பது, சேர்க்க அனுமதி உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்)

ஐயா, உண்டு. ஆனால் இன்றைக்கு நிற்பதைக் குறிக்கிற இடம் வேறு, இல்லாமல் போனதைக் குறிக்கிற இடம் வேறு.

நிற்பவற்றுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து திருத்தலாம். பல செயலிகள் இதிலிருந்துதான் தரவை எடுக்கின்றன, அதனால் நீங்கள் ஒரு முறை குறிக்கிற கோயில் பல இடங்களில் போய்ச் சேரும். கணினியில் திறந்து 'திருத்து' என்பதை அழுத்தினால் செயற்கைக்கோள் படத்தின் மேலேயே வரையலாம். கோயிலின் கூரையைச் சுற்றி வரைந்து, வழிபாட்டிடம், இந்து சமயம் என்று தேர்ந்தெடுத்துப் பெயரைப் போடுங்கள். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தினால் வேறு மொழிகளிலும் பெயர் சேர்க்கலாம், அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். இதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். 'முனீஸ்வரர்' என்பது ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக இருக்கிறது, தமிழில் ஒரே விதம்தான்.

கூகுள் மேப்ஸில் பார்த்து அதை அப்படியே இங்கே எழுதக் கூடாது. கூகுளின் தரவு அவர்களுடைய சொத்து. திருத்தும் பக்கத்திலேயே அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படம் இருக்கிறது, அதையும் உங்களுக்கு நேரில் தெரிந்ததையும் வைத்து மட்டும் குறியுங்கள். கூகுளிலும் வர வேண்டுமென்றால் அதன் செயலியில் 'விடுபட்ட இடத்தைச் சேர்' என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரியும்.

இடித்துப்போன லயங்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையக் கூடாது. தரையில் இன்று இருப்பது மட்டும் என்பது அதன் விதி, வரைந்தால் வேறொருவர் அழித்துவிடுவார், அவர்மேல் தப்பும் கிடையாது. அதற்கென்றே ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று ஒரு தனித் திட்டம் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் தொடக்க வருடமும் முடிந்த வருடமும் போடலாம். கீழே இருக்கிற காலக் கோட்டை நகர்த்தினால் அந்த வருடத்தில் என்ன இருந்ததோ அது மட்டும் தெரியும். பெரட்டுக் களம் (காலையில் ஆள்கணக்கு எடுக்கிற இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளை விட்டுப்போகிற இடம்), ரப்பர் பால் ஸ்டோர், கள்ளுக்கடை, பழைய தமிழ்ப்பள்ளி, கிராணி (எழுத்தர்) வீடு எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம்.

எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம், மரம் எல்லாவற்றையும் மூடிவிட்டதே. கணினியில் கூகுள் எர்த் புரோவை இறக்கிக்கொள்ளுங்கள், 2015இலிருந்து இலவசம். மேலே கடிகாரப் படம் போட்ட பொத்தான் பழைய படங்களைக் காட்டும். ஆனால் நம் தோட்டப் பகுதிகளுக்குத் தெளிவான படம் பெரும்பாலும் 2000க்குப் பிறகுதான் கிடைக்கிறது, உங்கள் லயம் அதற்கு முன்பே போய்விட்டது. 1984இலிருந்து லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒரு புள்ளி 30 மீட்டர். பத்து வாசல் லயம் ஒன்று அதில் மங்கலான ஒரு கறையாகத்தான் தெரியும்.

அதனால் மரத்தைப் பாருங்கள். செம்பனை வரிசை மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் நட்ட மாதிரி ஒரே சீராக இருக்கும். அதற்கு நடுவே சீர் குலைந்து, உருண்டையாக, கரும்பச்சையாக நான்கைந்து தலை தெரிந்தால் அது பெரும்பாலும் மாமரமோ பலாவோ, யாரோ வீட்டுக்குப் பின்னால் வைத்தது. எங்கள் தாயார் பிறந்த தோட்டத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். படத்தில் மூன்று மாமரம் ஒரே கோட்டில் இருந்தது. எண்பது வயதான என் பெரியம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம், தோட்டத்து ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டுதான். முதல் மரத்தடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தார், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முப்பது அடி நடந்தார், "இங்கதான் பைப்படி" என்றார். கீரைத்தண்டு உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லைக் காலால் விலக்கினால் சிமெண்டு மேடையின் ஒரு மூலை, தண்ணீர் விழுந்து விழுந்து குழிந்த இடத்தோடு அப்படியே இருந்தது. அங்கே நின்றே கைப்பேசியில் ஊசி குத்தினேன். பைப்படி தெரிந்துவிட்டால் அங்கிருந்து எல்லாம் வந்துவிடுகிறது: இடது பக்கம் மேட்டு லயம், எதிரில் யார் வீடு, எங்கே ஆட்டுக்கொட்டகை. ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு குறி வைத்தோம்.

ஐயா, உங்கள் தோட்டத்திலும் பைப்படி எங்கே என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்விடுங்கள். குடும்பத்தோடு பகிர மட்டும் போதும் என்றால் கூகுளின் மை மேப்ஸில் குறித்துப் புலனத்தில் சுட்டியை அனுப்பலாம், படமும் குறிப்பும் சேர்க்கலாம்.

இன்னும் ஒன்று. வரைபடத்தில் ஏறியதால் கோயில் நிலத்துக்கோ சுடுகாட்டுக்கோ உரிமை வந்துவிடாது. அது நில அலுவலகத்துக் கோப்பில் தீர வேண்டிய விஷயம். சிலர் இதை நம்பி அதை விட்டுவிடுகிறார்கள், வேண்டாம்.

கேள்வி: தாத்தா 1920களில் கப்பலேறி வந்தவர். பழைய காகிதத்தில் ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அப்படியே அடித்துத் தேடினால் ஒன்றும் வரவில்லை. அந்த ஊர் இன்னும் இருக்கிறதா? (கிள்ளான் வாசகர்)

இருக்க வாய்ப்பு அதிகம் அண்ணே. தேடுகிற முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

முதலில் ஜில்லா. தாத்தா சொன்ன ஜில்லா இன்றைக்கு நான்கைந்து மாவட்டமாக உடைந்திருக்கும். சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. வட ஆற்காடு 1989இல் வேலூராகவும் திருவண்ணாமலையாகவும் ஆனது, தென் ஆற்காடு 1993இல் கடலூரும் விழுப்புரமும் ஆனது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் போனது, பின்னால் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. ஆகவே ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகா ஊரைப் பிடியுங்கள், அது அநேகமாக அதே இடத்தில் அதே பெயரில் இருக்கும். அந்த ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் தேடுங்கள்.

அடுத்தது எழுத்து. தாத்தா வாயால் சொன்னதை எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். 'ழ' என்பது எல் ஆகவோ ஒய் ஆகவோ போயிருக்கும், 'ட்டி' ஒற்றையாகியிருக்கும், ஊர்ப் பெயரின் வால் அறுந்திருக்கும். அதனால் எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தமிழில் என்னவாக இருக்கும் என்று யோசித்துத் தமிழிலேயே தேடுங்கள். ஜியோநேம்ஸ் என்ற தளத்தில் ஒரே ஊருக்கு இருக்கிற வேறு வேறு எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அது கைகொடுக்கும். பழைய வரைபடம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம், அந்த நாட்டு ராணுவம் 1950களில் அச்சிட்ட இந்திய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் அளவு, சிறு சிறு கிராமங்கள்வரை பழைய எழுத்துக்கூட்டலிலேயே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சேகரிப்பு அது.

புதூர், புதுப்பட்டி, நல்லூர் மாதிரி பெயர் என்றால் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கும். அங்கேதான் வீட்டுப் பேச்சு உதவும். எங்கள் பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: "சந்தைக்குப் போக ரயில் ரோட்டைத் தாண்டணும், ஏரிக்கரை மேலயே நடந்தா சாமி கோயில்." கூகுள் எர்த்தில் மூன்று புதுப்பட்டியையும் பார்த்தேன். இரண்டில் ரயில் பாதையே பக்கத்தில் இல்லை. மூன்றாவதில் தண்டவாளம், அதற்கு அப்புறம் பிறை மாதிரி வளைந்த ஏரிக்கரை, கரையின் தெற்கு முனையில் நாலு பனைமரமும் ஒரு சின்னக் கூரையும். ஏரி அசைவதில்லை, ரயில் பாதையும் லேசில் இடம் மாறாது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், ஊர்ப் பெயரைவிட மலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், குலதெய்வம் எது, சந்தை எந்தக் கிழமை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வெள்ளம் வருமா என்று முன்கூட்டியே பார்க்க முடியுமா? ஓர் இணையதளத்தில் எங்கள் வீடு 19 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனாலும் தண்ணீர் வருகிறது. (கோல சிலாங்கூர்)

அந்த 19 மீட்டரை நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கிற உயரக் கணக்குகளில் பல, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் பதினோரு நாள் ரேடாரால் அளந்ததிலிருந்து வந்தவை. அந்த ரேடார் அடர்ந்த மரங்களின் தரைவரை போய்ச் சேரவில்லை, இலைகளிலேயே பட்டுத் திரும்பியது. உங்கள் தாமான் அப்போது தோட்டமாக இருந்திருந்தால் அதில் பல மீட்டர் மரத்தின் உயரம். எங்கள் பக்கம் மாதிரி தட்டை நிலத்தில் ஒரு மீட்டரே பெரிய வித்தியாசம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தைப் பாருங்கள். ஒவ்வோர் ஆற்று நிலையத்திலும் தண்ணீர் மட்டம், வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு படியில் இருக்கும். அங்கே எழுதியிருக்கும் மீட்டர் ஆற்றின் ஆழம் இல்லை, ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் அபாயக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ஊர் நிலையத்தை மட்டும் பார்த்தால் நேரம் போதாது. குவாலா குபு பாரு பக்கத்தில் பெய்கிற மழைதான் பின்னால் நம்மிடம் வருகிறது, மேலே உள்ள நிலையங்கள் ஏறத் தொடங்கும்போதே சாமானை மேலே ஏற்றிவிடுங்கள். நீங்கள் ஆற்று முகத்தில் இருப்பதால் கடல் ஏற்ற நேரத்தையும் பார்க்க வேண்டும், ஏற்றமும் ஆற்று வெள்ளமும் ஒன்றாக வந்தால் தண்ணீர் வடிய வழி இருக்காது. வீட்டுச் சுவரில் போன வெள்ளத்தின் கறை இருந்தால் சுண்ணாம்பு அடிக்கும்முன் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். எந்தத் தளத்தில் இருப்பதையும்விட அது சரியான கணக்கு.

கேள்வி: அப்பா வாங்கிய நிலம் கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) 3 ஏக்கர். கூகுள் எர்த்தில் வேலியைச் சுற்றி அளந்தால் 2.7 தான் வருகிறது. பக்கத்து நிலத்துக்காரர் எடுத்துக்கொண்டாரா? (கூலிம்)

அப்படி முடிவுக்கு வராதீர்கள். வேலி எல்லையாக இருக்க வேண்டும் என்று இல்லை, வசதிக்காகக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. செயற்கைக்கோள் படமே சில மீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். 3 ஏக்கர் சதுர நிலத்தில் பக்கம் 110 மீட்டர், அதில் நான்கு பக்கமும் மூன்று மீட்டர் உள்ளே வரைந்தாலே 0.3 ஏக்கர் போய்விடும், உங்களுக்குக் குறைவது அவ்வளவுதான். முதலில் நிலத்தில் எல்லைக் கல்லைத் தேடுங்கள், புல்லுக்கடியில் இருக்கும். கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அவர் அளந்ததுதான் செல்லும். அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: மலேசியா பெரியதா தமிழ்நாடு பெரியதா? வகுப்பில் விவாதம் வந்தது. (ஆறாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி)

நல்ல கேள்வி கண்ணு. மலேசியா முழுவதும் ஏறக்குறைய 330,000 சதுர கிலோமீட்டர், அதனால் மலேசியாதான் பெரியது. ஆனால் தீபகற்பத்தை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 132,000, தமிழ்நாடு 130,058. கிட்டத்தட்ட ஒரே அளவு! தி ட்ரூ சைஸ் என்ற தளத்தில் ஒரு நாட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் வைக்கலாம். மலேசியாவை மெல்ல வடக்கே ஐரோப்பாவுக்கு இழுத்துப் பார், அது பெரிதாகிக்கொண்டே போகும். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்துப் பக்கம் இருப்பவை ஊதிவிடும், நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்கிற நாம் சின்னதாகத் தெரிவோம். வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவில் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. டீச்சரிடம் சொல்லி வகுப்பில் எல்லாரும் செய்து பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துக்குள் போனால் லைன் கிடைப்பதில்லை. வரைபடம் வேலை செய்யுமா? (லாரி ஓட்டுநர், குளுவாங்)

செய்யும் அண்ணே. கைப்பேசி தான் இருக்கும் இடத்தைத் துணைக்கோளிலிருந்து கண்டுபிடிக்கிறது, அதற்கு லைன் வேண்டாம். படம் மட்டும்தான் இணையத்திலிருந்து வர வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியை வீட்டிலேயே இறக்கி, மலேசிய வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதைகள் இவற்றில் பல இடங்களில் இருக்கின்றன, யாரோ நம்மைப் போன்றவர்கள் வரைந்தவை. பூட்டிய கேட்டைப் பார்த்தால் குறித்து வைத்து, வீடு வந்ததும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிடுங்கள், அடுத்த லாரி அங்கே போய் நிற்காது.

கேள்வி: அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தெலுக் ஆன்சன் என்று இருக்கிறது. அக்காவின் மகன் வரைபடத்தில் தேடி, அப்படி ஊரே இல்லை என்கிறான். (ஈப்போ)

தெலுக் இந்தான்தான் அம்மா அது, 1982இல் பெயர் மாற்றினார்கள். இதே மாதிரி போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. போர்ட் வெல்ட் இப்போது கோல செபெத்தாங். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போனது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊருக்குப் 'பழைய பெயர்' என்று தனிக் கட்டமே இருக்கிறது. பத்திரத்தில் உள்ள எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்தின் பெயரும் அதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கத்துப் பழைய தோட்டங்களை நாங்கள் சிலர் இப்போது ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வருகிறோம்.